தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்கலாமா? (34 கிழமை, முதல் பிள்ளை)

உவர்மலைப் பிள்ளைத்தாச்சி:

வணக்கம் எல்லாருக்கும். திருகோணமலை, உவர்மலையில இருக்கிறன். முதல் பிள்ளை, 34 கிழமை. ஆரம்பத்தில எச்.பி. (ரத்தத்தில ஹீமோகுளோபின் அளவு) 11.4 இருந்தது, 28 கிழமையில பாத்தபோது 10.1க்கு இறங்கிட்டுது. அயன் குளிசை தவறாமல் போடுறன், மலச்சிக்கலோட போராடிக்கொண்டுதான். எனக்கு ஓ பொசிட்டிவ், இவருக்கு பி பொசிட்டிவ். சுகர், பிரஷர் ஒண்டும் இல்லை. பிள்ளை தலைகீழாத்தான் இருக்கு.

விஷயம் இதுதான். ரொறன்ரோவில இருக்கிற மச்சாள் போன கிழமை வாட்ஸ்அப்பில பெரிய பாடமே எடுத்தா. அவவுக்குப் பிள்ளை பிறந்த உடனே கொடியை வெட்டாமல், பிள்ளையை நெஞ்சில போட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் வெட்டினவங்களாம். மிச்ச ரத்தம் பிள்ளைக்குப் போகும், பிறகு ரத்தச்சோகை வராது, நீயும் கட்டாயம் கேள் எண்டு நிக்கிறா. அம்மாட்டச் சொன்னால் அவவுக்குப் பயம். ஈரத்தோட அவ்வளவு நேரம் கிடந்தால் பிள்ளைக்குக் குளிர் பிடிக்குமாம், பிள்ளையின்ர ரத்தம் திரும்ப எனக்குள்ள வந்திடுமாம், எனக்கும் ரத்தப் பெருக்கு நிக்காதாம். இவர் கட்டாரில. கொடி ரத்தத்தைச் சேமிச்சு வைக்கிற கொம்பனி ஒண்டு அவருக்குப் போன் எடுத்திருக்கு, அவற்ர கவலை அது.

நானும் தேடிப் பாத்தன். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கூடும் எண்டும் கிடக்கு. அக்காவின்ர மகனை மஞ்சளுக்கு லைட்டில வைச்சவங்க, அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அரச ஆஸ்பத்திரியிலதான் பெறப்போறன். இப்பிடியெல்லாம் கேட்டால் 'வந்திட்டா பெரிய படிச்சவ' எண்டு மிஸ்மார் நினைப்பாங்களோ? யாரிட்ட, எப்ப கேட்கிறது? வார்ட்டில துண்டு வெட்டி வீட்ட விட்டதும் நேரே திரியாய்க்கு அம்மா வீட்டதான் போறன், 31ஆம் நாள் துடக்குக் கழியிற வரைக்கும் அங்கதான். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

இறுதியாண்டுக்காரன்:

அக்கா, நான் மருத்துவபீடத்தில் இறுதி ஆண்டு. மகப்பேற்று விடுதிப் பயிற்சி இப்போதுதான் முடிந்தது, அதனால் கணக்குகள் இன்னும் தலையில் இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2014இல் இதற்கென்றே தனி வழிகாட்டல் வெளியிட்டது. பிறந்து 1 நிமிடத்துக்கு முன்னர் கொடியை இறுக்கி வெட்டக் கூடாது என்பது அதன் சாரம். அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி சொல்வது குறைந்தது 30 முதல் 60 செக்கன். ஆக உங்கள் மச்சாள் சொன்னது கனடாப் புதினம் இல்லை.

பயன் என்ன? சுவீடனில் 400 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வந்தது. 3 நிமிடம் பொறுத்தவர்களில் 4 மாதத்தில் இரும்புச்சத்துக் குறைபாடு 0.6 வீதம், 10 செக்கனுக்குள் வெட்டியவர்களில் 5.7 வீதம். அது பணக்கார நாடு என்று தள்ளிவிடலாம். ஆனால் நேபாளத்தில் 540 குழந்தைகளில் செய்து 2017இல் வந்த ஆய்வு நமக்குக் கிட்ட. 8 மாதத்தில் ரத்தச்சோகை பொறுத்தவர்களில் 73 வீதம், உடனே வெட்டியவர்களில் 82 வீதம். இரண்டுமே பயங்கரமான எண்கள்தான், இருந்தாலும் வித்தியாசம் வித்தியாசமே.

தாய்க்கு ரத்தப்போக்கு கூடுமா என்பதை 2013இல் கொக்ரேன் தொகுப்பு (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் அறிக்கை) பார்த்தது. 15 ஆய்வுகள், 3911 தாய்–சேய் சோடிகள். கூடவில்லை. மஞ்சளுக்கு ஒளிச்சிகிச்சை தேவைப்பட்டது மட்டும் கொஞ்சம் கூடியது: உடனே வெட்டியவர்களில் 2.74 வீதம், பொறுத்தவர்களில் 4.36 வீதம்.

என் கருத்து: 3 நிமிடம் கேளுங்கள். அதற்குக் குறைவாக ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கிண்ணியா வாப்பா:

தங்கச்சி, மஞ்சள் எண்டு பயப்படுறீங்க, அதனால எங்கட கதையச் சொல்றன். எங்கட மூத்த புள்ளைக்கு மஞ்சள் வந்த. கொடிய எப்ப வெட்டினாங்க எண்டு எனக்குத் தெரியாது, நான் வெளிய வராந்தாவில நிண்ட ஆள். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து, எல்லாரும் வந்து பாத்து, 'புள்ள நல்ல பொன் நிறம்' எண்டு சொல்லிட்டுப் போறாங்க. எங்கட மாமி காலை வெயிலில புள்ளையத் துணியோட வெச்சிக்கிட்டு இருந்தா. குளுக்கோஸ் தண்ணி குடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு ராத்தா ஒருத்தர் சொன்ன. புள்ள குடிக்காம நித்திரையாவே கிடந்திச்சு, எல்லாருக்கும் அது அமைதியான புள்ள.

குடும்பநல மிஸ் வீட்டுக்கு வந்து, ஜன்னலடியில கொண்டுபோய், மூக்கில விரல வெச்சு அமத்திப் பாத்தா. உள்ளங்காலப் பாத்தா. உடனே கொண்டு போங்க எண்டுட்டா. லைட்டில வெச்சாங்க, ரத்தம் குத்திக் குத்திப் பாத்தாங்க, அல்ஹம்துலில்லாஹ் இப்ப ஸ்கூலுக்குப் போறான், வாய் ஓயிறதில்ல. லைட்டில வெச்ச நேரம் கண்ணக் கட்டிப் போட்டிருந்தத பாத்துத்தான் எங்கட வீட்டுக்காரி அழுத, மத்தபடி புள்ளைக்கு நோவு ஒண்டும் இல்ல.

லைட் பயப்படுற சாமானில்ல எண்டு சொல்லத்தான் எழுதினன்.

லேபர் ரூம் மிஸ் (ஓய்வு):

மகள், உங்கட கேள்வியை வாசிச்சதும் எழுதாமல் இருக்க முடியேல்ல. நான் லேபர் ரூமில நிண்டே முடி நரைச்ச ஆள், இப்ப உப்புவெளியில பேரப்பிள்ளையளோட.

முதல்ல அம்மாவின்ர பயத்தைத் தீர்ப்பம், அவ பக்கத்தில இருந்தால்தான் உங்களுக்கு நிம்மதி. பிள்ளை வெளிய வந்த உடனே கொடியைப் பாத்தால் தடிப்பா, நீலமும் வெள்ளையுமாப் புரிமுறுக்கிக் கிடக்கும். விரல் வைச்சால் பிள்ளையின்ர இதயத் துடிப்பு அப்பிடியே தெரியும். கொஞ்ச நேரத்தில துடிப்பு மெலியும், நீலம் போகும், வெளுத்துத் தொய்ஞ்சு நனைஞ்ச திரி மாதிரி ஆகிடும். பிறந்த பிறகும் இளங்கொடியில (பிள்ளைக்குப் பிறகு விழுற நஞ்சில) பிள்ளையின்ர ரத்தம் நிக்குது, அது பிள்ளைக்குத்தான் போகுது. முதல் நிமிஷத்தில ஏறத்தாழ 80 மில்லி, 3 நிமிஷம் ஆகும்போது 100 மில்லி. மூண்டு கிலோப் பிள்ளைக்கு உடம்பில உள்ள மொத்த ரத்தமே இருநூற்றைம்பது மில்லிக்குக் கிட்ட. அதோட வச்சுப் பாருங்கோ. அந்த ரத்தத்தில 40, 50 மில்லிகிராம் இரும்பு. தாய்ப்பாலில இரும்பு மிகக் குறைவு, ஆறு மாதம் வரைக்கும் பிள்ளை கையிருப்பிலதான் ஓடுது. தாய்க்கே 10.1 எண்டால் அந்தக் கையிருப்பை விட்டுக்குடுக்கிறது புத்தியில்லை.

ரத்தம் திரும்ப உங்களுக்குள்ள வந்திடும் எண்டது பழைய பயம், எங்களுக்குப் படிப்பிச்ச ஆக்களுக்கும் இருந்தது. பிள்ளையை மேல நெஞ்சில வைச்சால் ரத்தம் கீழ இறங்கிடும் எண்டு இளங்கொடிக்குக் கீழ பிடிச்சுக்கொண்டு நிப்பம், கை உளையும். ஆர்ஜென்டினாவில அதைப் பிள்ளையளை நிறுத்தே பாத்து 2014இல எழுதினாங்க: தாயின்ர வயிறு நெஞ்சில வைச்சாலும் கீழ பிறப்புவாசல் மட்டத்தில பிடிச்சாலும் ஏறுற நிறை கிட்டத்தட்ட ஒண்டுதான். அதனால குளிரும் பிரச்சினை இல்லை. பிள்ளை பிறந்த உடனே துடைச்சு, ஈரத்துணியை எறிஞ்சு, காய்ஞ்ச துணியால மூடித் தாயின்ர தோலோட தோலா வைக்கிறது. அதைவிடச் சூடான இடம் லேபர் ரூமில வேற இல்லை. தலைக்குத் தொப்பி ஒண்டு பையில வையுங்கோ. எல்லாரும் சோடிச்ச சட்டை கொண்டு வருவாங்க, தொப்பியை மறந்திடுவாங்க.

பெருக்கு விஷயம். நாங்க பயிற்சி எடுத்த காலத்தில ஊசி, வெட்டு, இழு, மூண்டும் ஒரே மூச்சில. அதுதான் தாயைக் காப்பாத்தும் எண்டு நம்பினம். பிறகு பாத்தால் காப்பாத்தினது ஒக்சிடோசின் ஊசிதான். அதைத் தொடையில உடனே போடலாம், கொடி துடிச்சுக்கொண்டு கிடக்கட்டும், ஒண்டை ஒண்டு தடுக்காது. ஆக அந்த ஊசியை மட்டும் வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. 'இயற்கையாப் பெறப்போறன், ஊசி கூடாது' எண்டு இன்டர்நெட்டில படிச்சுக்கொண்டு வந்த ஒண்டு ரெண்டு பிள்ளையளை நான் கண்டிருக்கிறன். எச்.பி. குறைஞ்ச தாய்க்குப் பெருக்கு வந்தால் தாங்காது.

இனித் தம்பிக்கு. கணக்கெல்லாம் அழகா எழுதியிருக்கிறீங்க, அதில குறை இல்லை. 'மூண்டு நிமிஷத்துக்குக் குறைவா ஒத்துக்கொள்ளாதேங்கோ' எண்டதைத்தான் நான் ஏற்க மாட்டன். முதல் நிமிஷத்தில வாற 80 மில்லிதான் பெரிய சொத்து. பிறகு ரெண்டு நிமிஷத்துக்கு வாறது 20. மூண்டு கட்டிலிலயும் தாய்மார் முக்கிக்கொண்டு இருக்க, ஒரு மிட்வைஃப் நிண்டு பாக்கிற ராத்திரியில அந்த 20 மில்லிக்காக ஒரு பிள்ளைத்தாச்சி வாக்குவாதப்படக் கூடாது. கிடைச்சால் மூண்டு, இல்லாட்டி ஒண்டு. கேட்கிற ஆள் நிமிஷத்தை எண்ணிக்கொண்டு இருந்தால் பிள்ளையைப் பாக்கிறதை விட்டிடுவா.

ஏனெண்டால் பொறுக்கலாமோ கூடாதோ எண்டு முடிவெடுக்கிறது மணிக்கூடு இல்லை, பிள்ளையின்ர மூச்சு. துடைச்சு, முதுகைத் தேய்ச்சும் பிள்ளை மூச்செடுக்காமல் சோர்ந்து கிடந்தால் கொடியை வெட்டி மேசைக்குக் கொண்டுபோய் மூச்சுக் குடுக்கிற பேக் மாஸ்க் பிடிக்கோணும், ஒரு நிமிஷத்துக்குள்ள. அதே மாதிரி உங்களுக்கு ரத்தம் கொட்டினால், இளங்கொடி முந்திக் கழண்டால், கொடி கிழிஞ்சால், கழுத்தில இறுக்கமாச் சுத்திக் கழட்ட முடியாமல் நிண்டால், அங்க பொறுமைக்கு இடமில்லை. கழுத்தில ஒரு சுத்து இருக்கிற பிள்ளையள் எவ்வளவோ, அநேகமானதை விரலால தலைக்கு மேல கழட்டி விடலாம், அதை நினைச்சுப் பயப்பிட வேண்டாம். 'நான் பொறுக்கச் சொன்னன், இவங்க வெட்டிப்போட்டாங்க' எண்டு பிறகு மனதில வைச்சுக் கொதிக்கிற தாய்மாரைப் பாத்திருக்கிறன். அந்த நேரம் வெட்டினவங்க பிள்ளைக்காகத்தான் வெட்டினாங்க.

சீசர் எண்டாலும் பொறுக்கலாம். தியேட்டரில பிள்ளையைத் தாயின்ர தொடையில, கிருமி நீக்கின துணிக்கு மேல வைச்சு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் விடுவாங்க. டொக்டரைப் பொறுத்தது, அங்க வெட்டின இடத்தில ரத்தம் எப்பிடி எண்டதையும் பொறுத்தது. மாதம் முந்திப் பிறக்கிற பிள்ளைக்குத்தான் இது உண்மையில உயிர்க் காரியம். 2023இல லான்செட் மருத்துவ இதழில 20 ஆய்வுகளைச் சேத்துப் பாத்தாங்க, 3260 குறைமாதப் பிள்ளையள். பொறுத்து வெட்டினதால இறக்கிற ஆபத்து கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. ஆனால் கொடியைக் கையால உருவி விடுறது வேற. மிகச் சின்னப் பிள்ளையளில, 28 கிழமைக்கு முந்தினதுகளில, உருவினதால மூளைக்குள்ள கடுமையான ரத்தக்கசிவு 22 வீதத்துக்கு வந்திருக்கு, பொறுத்ததில 6 வீதம்தான். அந்த ஆய்வின்ர அந்தப் பகுதியை இடையில நிப்பாட்டிப்போட்டாங்க, முடிவு 2019இல வெளிவந்தது. மச்சாள் நாளைக்கு அதையும் அனுப்புவா, முந்தியே சொல்லி வைக்கிறன்.

சம்பூர்ப் பக்கத்து மருத்துவிச்சி ஆச்சி ஒருத்தர் இளங்கொடி விழுந்த பிறகுதான் கொடியை அறுப்பா எண்டு என்ர அம்மா சொல்லுவா. அந்த ஆச்சிமாருக்குப் பொறுமை இருந்தது, ஆனால் கிருமியில்லாத பிளேட் இருக்கேல்ல. இப்ப பேஸ்புக்கில இளங்கொடியை வெட்டாமல் பிள்ளையோடயே கட்டி வைச்சு, தானா விழும் வரைக்கும் பொறுக்கிறது எண்டு ஒண்டு உலாவுது. அது அழுகிற இறைச்சி மகள், கிருமி பிள்ளைக்கு ஏறும். அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க வேண்டாம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான கதை. கிண்ணியாத் தம்பி தொட்டுவிட்டார். பொறுத்து வெட்டுறதால வாற ஆபத்து லேபர் ரூமில இல்லை. மூண்டாம் நாள், நாலாம் நாள், வீட்டில. கூடுதலா வந்த ரத்தம் உடையேக்க மஞ்சள் பொருள் கொஞ்சம் கூடுது. தம்பி எழுதின 2.74க்கும் 4.36க்கும் உள்ள இடைவெளி அதுதான். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிற தாய்க்கு அது ஒண்டுமில்லை. ஆனால் நீங்க ஓ, அவர் பி. பிள்ளை பி எண்டு வந்தால் உங்கட ரத்தத்தில உள்ள எதிர்ப்புப் பொருள் பிள்ளையின்ர ரத்தத்தை உடைக்கலாம், மஞ்சள் வேளைக்கே வரலாம், சில நேரம் முதல் நாளே. அதுக்காகக் கொடியை உடனே வெட்டத் தேவையில்லை. ஆனால் சுகப்பிரசவம் எண்டால் அநேகமா ஒரு நாளில துண்டு வெட்டிடுவாங்க. நீங்க அப்பிடியே திரியாய்க்குப் போறன் எண்டு எழுதியிருக்கிறீங்க. எனக்கு அந்த வரிதான் உறுத்தினது, கொடி இல்லை.

மஞ்சள் உச்சத்துக்கு வாறது மூண்டுக்கும் அஞ்சாம் நாளுக்கும் இடையில. அந்த நாளில நீங்க திரியாயில. ராத்திரியில பிள்ளை பால் குடிக்காமல் கிடந்தால், யானை நிக்கிற றோட்டில எந்த வாகனத்தைப் பிடிப்பீங்க? என்னட்டக் கேட்டால் முதல் கிழமை உவர்மலையிலேயே இருங்கோ, அம்மாவை அங்க கூப்பிடுங்கோ. பிறகு துடக்குக் கழிக்கிறதுக்குத் திரியாய்க்குப் போகலாம். முடியாதெண்டால் அங்க எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுறது, யாற்ர வாகனம் எண்டு இப்பவே முடிவெடுத்து நம்பரைப் போனில போட்டு வையுங்கோ. திரியாய்ப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் நீங்க வாறது தெரியோணும், இல்லாட்டி உவர்மலை மிஸ் பூட்டின வீட்டைத் தட்டிப்போட்டுப் போவா. முதல் பத்து நாளுக்குள்ள ரெண்டு தரம் வீட்டுக்கு வாறது அவங்கட கடமை.

உவர்மலைப் பிள்ளைத்தாச்சி:

மிஸ், வாசிச்சு முடிக்க அம்மாவையும் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினன். குளிர் கதையில சமாதானம் ஆகிட்டா. உவர்மலையில ஒரு கிழமை இருக்கிறது எண்டதுக்குத்தான் முகம் சுருங்கிப்போச்சு, மாடு கன்றை யார் பாக்கிறது எண்டு. பேசி எடுப்பன்.

மூண்டு கேள்வி மிச்சம். ஆஸ்பத்திரியில இதை எப்பிடிக் கேட்கிறது? மஞ்சளை வீட்டில நானே எப்பிடிப் பாக்கிறது? இவருக்குக் கொடி ரத்தக் கொம்பனிக்கு என்ன சொல்லுறது?

லேபர் ரூம் மிஸ் (ஓய்வு):

கேட்கிறது கிளினிக்கில. பிரசவ நோ தொடங்கின பிறகு இல்லை. அடுத்த கிளினிக்குக்கு வி.ஓ.ஜி. டொக்டர் (மகப்பேற்று நிபுணர்) வருவார், அவருக்குக் கனக்கப் பேர், நேரம் கிடைக்காது. உங்கட முறை வாற நேரம் ஒரே வசனம்: 'டொக்டர், பிள்ளை நல்லா அழுதால் கொடியை ஒரு நிமிஷம் பொறுத்து வெட்ட முடியுமா?' 'நல்லா அழுதால்' எண்ட சொல்லு முக்கியம். உங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கு எண்டு அவருக்குத் தெரியும். ஓம் எண்டால் கிளினிக் கார்ட்டில ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. அநேகமா 'அதெல்லாம் நாங்க வழமையாச் செய்யிறதுதான்' எண்டு சிரிப்பார். லேபர் ரூமுக்குப் போனதும் மிஸ்ஸிட்ட கார்ட்டைக் குடுக்கேக்க ஒருக்காச் சொல்லுங்கோ, அதோட விட்டிடுங்கோ. பெரிய படிச்சவ எண்டு ஒருத்தரும் நினைக்க மாட்டாங்க. நினைச்சாலும் படிச்சவதானே.

பெண் துணை ஒருத்தரை விடுறாங்களோ எண்டும் அண்டைக்கே கேளுங்கோ. விட்டால் அம்மாவைவிட அக்கா நல்லம். அம்மாமார் மகள் கத்தக் கத்தத் தாங்களும் அழுவாங்க, நாங்க ரெண்டு பேரைப் பாக்கோணும்.

மஞ்சள் பாக்கிறது பகல் வெளிச்சத்தில, ஜன்னலடியில. டியூப் லைட்டில தெரியாது, மஞ்சள் நிறச் சட்டை போட்டிருந்தாலும் ஏமாத்தும். நெத்தி, மூக்கு, நெஞ்சு, பிறகு கால் எண்டு விரலால அமத்தி எடுத்துப் பாருங்கோ. மஞ்சள் மேல இருந்து கீழ இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளா இருந்தால் விடியிற வரைக்கும் பொறுக்கக் கூடாது. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள்ள மஞ்சள் தெரிஞ்சால், எழுப்பியும் பால் குடிக்காமல் தூங்கி விழுந்தால், மலம் வெள்ளையாப் போனால், அதுவும் அப்பிடித்தான். எஸ்.பி.ஆர். எண்டு ரத்தம் எடுத்து மஞ்சள் பொருளைப் பாத்து, அதன்ர அளவையும் பிள்ளையின்ர வயதையும் மணித்தியாலக் கணக்கில வைச்சுத்தான் லைட் தேவையோ எண்டு சொல்லுவாங்க. வெயிலில வைக்கிறது லைட்டுக்குப் பதிலாகாது, இந்த ஊர் வெயிலுக்குப் பிள்ளை வத்திப்போகும். தண்ணி, குளுக்கோஸ் ஒண்டும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும், கேட்கிற நேரமெல்லாம். மஞ்சள் மலத்தோடதான் வெளிய போறது, பால் குடிச்சால்தான் மலம் போகும்.

கொம்பனிக்கு 'யோசிச்சுச் சொல்லுறம்' எண்டு சொல்லச் சொல்லுங்கோ. கொடியில உள்ள ரத்தம் ஒண்டுதான். பிள்ளைக்குப் போனால் போத்தலுக்குக் குறையும், போத்தலுக்கு எடுத்தால் பிள்ளைக்குக் குறையும். குடும்பத்தில அந்த ரத்தத்தால வைத்தியம் செய்யக்கூடிய நோயாளி ஒருத்தர் ஏற்கெனவே இருந்தால் அது வேற, டொக்டரோட பேசோணும். இல்லாட்டி அந்தக் காசை வாகனத்துக்கு வைக்கச் சொல்லுங்கோ. உங்கட அயன் குளிசையை கல்சியம் குளிசையோட சேத்துப் போடாதேங்கோ, பிளேன் டீக்குப் பின்னாலயும் போடாதேங்கோ. தேசிக்காய்த் தண்ணியோட போடுங்கோ.

கிண்ணியா வாப்பா:

மிஸ், இடையில ஒண்டு கேக்கன். எங்கட வீட்டுக்காரிக்கு இப்ப ரெண்டாவது. இந்த முறை சுகர் இருக்கு எண்டு இன்சுலின் போடுறாங்க. அவங்களுக்கும் ஒரு நிமிஷம் சரியா?

லேபர் ரூம் மிஸ் (ஓய்வு):

தம்பி, சுகர் உள்ள தாயின்ர பிள்ளைக்குப் பிறக்கேக்கயே ரத்தம் தடிப்பா இருக்கச் சான்ஸ் கூட, மஞ்சளும் கூட. வயிற்றில வளர்ச்சி குறைஞ்ச பிள்ளைக்கும் அப்பிடித்தான். பொறுத்தால் தடிப்பு இன்னும் கொஞ்சம் ஏறும். அநேகமான பிள்ளையளுக்கு அதால ஒண்டும் வராது, ஒரு நிமிஷத்தை மறுக்கவும் தேவையில்லை. ஆனால் அங்க மூண்டு நிமிஷம் கேட்டு நிக்கிறதை நான் சொல்ல மாட்டன். பிறந்த பிறகு பி.சி.வி. எண்டு ரத்தத் தடிப்பைப் பாப்பாங்களோ எண்டு பிள்ளை டொக்டரிட்ட முந்தியே கேட்டு வையுங்கோ. பிள்ளை கடுஞ்சிவப்பா, நடுக்கத்தோட, பால் குடிக்கப் பஞ்சிப்பட்டால் உடனே சொல்லோணும். பிள்ளையின்ர சுகர் இறங்கினாலும் அப்பிடித்தான் நடுங்கும், அதனால முதல் பாலை ஒரு மணித்தியாலத்துக்குள்ள குடுக்கச் சொல்லுங்கோ, பிறகு குதியில குத்தி சுகர் பாப்பாங்க. முதல் பிள்ளைக்கு மஞ்சளுக்கு லைட் வைச்சது எண்டதையும் கார்ட்டில எழுதுவிக்கோணும், ரெண்டாவதுக்கும் வர வாய்ப்பு இருக்கு. எழுதியிருக்கோ எண்டு இண்டைக்கே எடுத்துப் பாருங்கோ.